கொலோனில் 14 நிமிடத்தில் ரயில் மாற முடியுமா? கையில் இரண்டு 23 கிலோ பெட்டி

கேள்வி
ஜெர்மனியில் ஃபிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஆஹன் நகருக்கு ஒரே டிக்கெட்டாக சூப்பர் ஸ்பார்பிரைஸ் (மலிவு விலை டிக்கெட்) எடுத்திருக்கிறேன். கொலோன் ஹாப்ட்பான்ஹோஃப் (மத்திய ரயில் நிலையம்) வரை ஐசிஇ அதிவேக ரயில், பிறகு ஆர்இ1 வட்டார ரயில். நடுவில் 14 நிமிடம்தான். 23 கிலோ பெட்டி இரண்டு, முதுகில் ஒரு பை, துணைக்கு ஆளில்லை. ஆர்இ1 போய்விட்டால் டிக்கெட் வீணாகிவிடுமா?

பதில் 1
வீணாகாது தம்பி. குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற ‘ட்சூக்பிண்டுங்’ கட்டுப்பாடு ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களுக்கு மட்டும். ஆர்இ வட்டார ரயில், அதற்கு இது கிடையாது. அதே டிக்கெட்டில் அடுத்து வரும் ஆர்இ1 அல்லது ஆர்இ9 ஏறலாம். இரண்டுமே ஆஹன் போகும். ஆகவே கொலோனில் ஓடவே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது ஐசிஇ பற்றித்தான். விமானம் தாமதமாகி அதைத் தவறவிட்டால், ரயில்வே பொறுப்பேற்காது. குடியேற்ற வரிசை, பெட்டி வரும் நேரம் எல்லாம் சேர்த்து குறைந்தது 3 மணி நேரம் விட்டுத்தான் ஐசிஇ பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, அந்த விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள். நடைமேடை 1 முதல் 3 வரை வட்டார ரயில். உங்கள் ஐசிஇ வருவது ‘ஃபெர்ன்பான்ஹோஃப்’ என்ற தொலைதூர ரயில் நிலையம், நடைமேடை 4 முதல் 7 வரை.

பதில் 2
பெட்டி விஷயம். ஐசிஇயில் முதுகோடு முதுகாக இருக்கைகள் போட்டிருக்கும் இடத்தில், நடுவே அடியில் அகன்று மேலே குறுகிய இடைவெளி இருக்கும். பெரிய பெட்டி அதற்குள் நுழைந்துவிடும், தலைக்கு மேல் தூக்க வேண்டாம். வண்டி சீக்பூர்க்/பான் நிலையத்தில் நின்றால், அங்கிருந்து கிளம்பியதுமே பெட்டிகளைக் கதவருகே கொண்டுவந்துவிடுங்கள்.

கொலோனில் நடைமேடைகள் மேலே, அவற்றை இணைக்கும் சுரங்கப்பாதை கீழே. லிஃப்டில் இறங்கி, அடுத்த நடைமேடைக்கு லிஃப்டிலேயே ஏறுங்கள். பலகையில் நடைமேடை எண்ணோடு நிறுத்திவிடாமல் பக்கத்தில் உள்ள எழுத்தையும் பாருங்கள். அங்கே ஒரே தண்டவாளத்தில் ஒரு வண்டி ஏ–சி பகுதியிலும் இன்னொன்று டி–ஜி பகுதியிலும் நிற்பதுண்டு. எண் சரி, வண்டி தவறு என்று ஆவது இதனால்தான்.

கேட்டவர்
மிக்க நன்றி. லிஃப்ட் பழுதாக இருந்தால்?

பதில் 2
எஸ்கலேட்டரில் இரண்டு பெட்டியையும் ஒன்றாக ஏற்றாதீர்கள், ஒன்று நழுவினால் கீழே நிற்பவர் காலில் விழும். ஒன்றை மேலே வைத்துவிட்டு மற்றதை எடுக்கவும் இறங்காதீர்கள். ஆளில்லாத பெட்டி என்றால் போலீஸ் வந்துவிடும். கூட்டம் கலையும்வரை நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் “கொன்னென் ஸீ மியர் பிட்டே ஹெல்ஃபென்?” (எனக்குக் கொஞ்சம் உதவ முடியுமா?) என்று கேளுங்கள். தயக்கமே வேண்டாம், பெரும்பாலும் ஒரு கை கொடுப்பார்கள்.

பதில் 3
டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தின் பெயரை இன்னொரு முறை பாருங்கள். சில ஐசிஇக்கள் ஹாப்ட்பான்ஹோஃப் போகாமல் ரைன் ஆற்றின் மறுகரையில் ‘கோல்ன் மெஸ்ஸே/டாய்ட்ஸ்’ நிலையத்தில் மட்டும் நிற்கும். ஆற்றைத் தாண்ட வேண்டுமே என்று பதற வேண்டாம். ஐசிஇ கீழ்த்தளத்தில் நடைமேடை 11 அல்லது 12இல் நின்றால், லிஃப்டில் மேல்தளம் போங்கள். ஆர்இ1, ஆர்இ9 இரண்டும் அங்கேயே நிற்கும்.

ஆர்இ வண்டி இரண்டடுக்காக இருந்தால், ஏறியதும் மாடிக்குப் போகாதீர்கள். கதவருகே சைக்கிள் படம் போட்ட அகலமான இடம் பெட்டிகளுக்குப் போதும். சைக்கிளோ சக்கர நாற்காலியோ வந்தால் மட்டும் ஒதுங்கிக் கொடுங்கள்.