மூன்று வயதுக்கு முன் போய் வந்துவிடலாமா?

வாட்ஸ்அப் குழு: கொட்டகலை வீடு
ஞாயிற்றுக்கிழமை

தம்பி (டொரொண்டோ), இரவு 7.40: எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும். சின்னவளுக்கு பெப்ரவரி 20 ஆம் திகதி மூன்று வயது முடிகிறது. ஓர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கட் எடுக்கத் தேவையில்லை. அதற்கு முன் போய் வந்துவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் விலையைப் பார்த்தால் மனம் பின்வாங்குகிறது.

தம்பி: நத்தார் வாரத்தில் அங்கே இருக்கும் மெஜிக் கிங்டம் என்ற பூங்காவுக்குள் போக ஒரு நாளைக்கு 209 அமெரிக்க டொலர் போட்டிருக்கிறார்கள்.

அத்தை (கொட்டகலை): நம்ம காசுக்கு எவ்வளவு அது?

நான்: டொலர் 300 என்று வைத்தாலும் 62,700 ரூபா அத்தை.

அத்தை: குடும்பத்துக்கா?

தம்பி: ஒரு ஆளுக்கு அத்தை. ஒரு நாளைக்கு. சாப்பாடு, அறை, வாகனம் நிறுத்துவது எல்லாம் தனி.

அத்தை குரல் பதிவு போட்டிருக்கிறார். கேட்க முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்: "2025 இல் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா, அந்தப் படி கணக்குப் பார்த்தேன். 46 பேர், அதாவது 46 நாள் வேலை, போட்டாலும் அந்தக் காசு காணாது. மாதத்துக்கு 25 நாள் வேலை கொடுத்தால்கூட ரெண்டு மாதச் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான், அதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படி என்ன இருக்கிறது அங்கே? சரி, பிள்ளைகள் ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போ. ஆனால் கடன் வாங்கிப் போகாதே."

தம்பி: கடன் வாங்க மாட்டேன் அத்தை. ஆனால் வேலைத்தளத்தில் சிலர் கடன் அட்டையில்தான் போகிறார்கள். இப்படியே விலையும் கூட்டமும் ஏறிக்கொண்டு போனால் அந்த இடம் இன்னும் எத்தனை வருஷம் நிலைக்கும் என்று அங்கே எங்களுக்குள் பெரிய விவாதம். சின்ன மாமா, நீங்கள் வர்த்தகம் படிப்பித்தவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சின்ன மாமா (ஹட்டன்): இருங்கள், தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வேன் அண்ணன் (தலவாக்கலை): மாமா வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். சனம் வந்துகொண்டே இருக்கிறதுதானே? விலை ஏற்றியும் சனம் வந்தால் அது எப்படி விழும்? நுவரெலியா சித்திரை சீசனைப் பாருங்கள். அறை வாடகை மூன்று மடங்கு என்றாலும் ஆட்கள் வருகிறார்கள். நானுஓயாவில் இருந்து டவுனுக்கு எட்டு கிலோமீட்டர்தான். போன சித்திரையில் அந்த எட்டுக்கு எனக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. வண்டிக்குள் இருந்த பிள்ளைகள் அழுது களைத்துத் தூங்கிவிட்டார்கள். அடுத்த வருஷமும் அதே குடும்பம் என்னைத்தான் கூப்பிடும்.

அக்கா (பண்டாரவளை): அதே குடும்பம் கூப்பிடுமா அண்ணா? நிச்சயமாகவா?

வேன் அண்ணன்: ம்ம். சிலர் வருவதில்லைதான்.

சின்ன மாமா: வந்துவிட்டேன். முதலில் பழைய விலையைப் பார்ப்போம். புளோரிடாவில் அந்தப் பூங்கா திறந்தது 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி. அன்றைக்குப் பெரியவர்களுக்கு நுழைவு மூன்றரை டொலர். அமெரிக்காவில் அதற்குப் பிறகு பொருள் விலைகள் ஏறத்தாழ எட்டு மடங்கு ஏறியிருக்கின்றன. அந்தக் கணக்கில் அது இன்றைய 28 டொலர். கேட்பதோ 209.

சின்ன மாமா: ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அந்த மூன்றரை டொலருக்குள் ராட்டினங்கள் அடங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் துண்டு, புத்தகமாக வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கட் என்ற முறை 1982 இல்தான் வந்தது. அதனால் 28 ஐயும் 209 ஐயும் நேராக வைத்து ஒப்பிடக் கூடாது. அப்படி ஒதுக்கிப் பார்த்தாலும் ஏற்றம் பெரிது. 2015 இல்தான் ஒரு நாள் டிக்கட் முதன்முதலாக 100 ஐத் தாண்டியது. பத்தே வருஷத்தில் உச்ச நாளின் விலை இரண்டு மடங்கு.

தம்பி: இப்போது திகதிக்குத் திகதி விலை வேறு மாமா. விமான டிக்கட் மாதிரி. அங்கே இருக்கும் நான்கு பூங்காக்களில் ஆகக் குறைந்த நாள் 119 டொலர்.

சின்ன மாமா: அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேன் அண்ணனின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். 2019 இல் மெஜிக் கிங்டமுக்கு மட்டும் வந்தவர்கள் கிட்டத்தட்ட 21 மில்லியன் பேர். நம் இலங்கையின் மொத்தச் சனத்தொகையே 22 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பூங்காவுக்கு ஒரே வருஷத்தில் ஒரு நாடே நடந்து போன மாதிரி. 2024 இல் அது 18 மில்லியனுக்குச் சற்றுக் கீழே. ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பூங்காக்களையும் கப்பல்களையும் பார்க்கும் அந்த நிறுவனத்தின் பிரிவு 2024 நிதியாண்டில் 9 பில்லியன் டொலருக்கு மேல் லாபம் காட்டியது. குறைந்த ஆட்களிடம் கூடுதல் காசு. கணக்குப் புத்தகத்தில் இது வெற்றிதான்.

வேன் அண்ணன்: நான் சொன்னதும் அதைத்தானே மாமா.

அக்கா: புத்தகத்தில் வராத ஒன்றை நான் சொல்கிறேன். நான் எல்லவில் விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மட்டக்களப்பில் இருந்து ஒரு குடும்பம் வருஷா வருஷம் வரும். கேஸ் அடுப்பு, சட்டி, அரிசி எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பின்பக்கத்தில் சமைக்க விடச் சொல்லிக் கேட்பார்கள், முதலாளியும் விடுவார். எனக்கும் ஒரு கோப்பையில் மீன் குழம்பு வரும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வளர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அறை விலை டொலரில் வந்தது. ஒரு வருஷம் தொலைபேசியில் விலை கேட்டார்கள். அந்த அம்மா "சரி பிள்ளை, பார்த்துச் சொல்கிறோம்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை.

அக்கா: அறை காலியாக இல்லை. ஒரு நாளும் இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்க வருகிறவர்கள் ஒரு இரவு நிற்கிறார்கள், மறுநாள் மிரிஸ்ஸ போய்விடுகிறார்கள். நல்ல மனிதர்கள், காசும் கொடுக்கிறார்கள். ஆனால் திரும்பி வருவதில்லை. நாட்டில் ஏதாவது நடந்தால் முதலில் நிற்பதும் அவர்களின் வரவுதான். கொரோனா வந்த 2020 இலும் பெற்றோலுக்கு வரிசை நின்ற 2022 இலும் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மட்டக்களப்புக் குடும்பம் என்றால் பெற்றோல் கிடைத்த அன்றே வந்திருக்கும்.

நான்: அக்கா இதை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே.

தம்பி: பெரியக்கா சொல்வதுதான் அங்கேயும் நடக்கிறது. 2017 இல் நாங்கள் இரண்டு பேரும் போனபோது வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ் இலவசம். 1999 இல் இருந்தே இலவசமாகத்தான் இருந்ததாம். கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போய் வந்தோம். 2021 இல் அதை எடுத்துவிட்டு லைட்னிங் லேன் என்று காசுக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற பாஸ் ஒன்று இருக்கிறது. மெஜிக் கிங்டமில் கூட்டமான நாளில் அது மட்டும் ஒரு ஆளுக்கு 400 டொலருக்கு மேல், நுழைவு டிக்கட் அல்லாமல்.

தம்பி: பெரியவனுக்கு எல்லாம் விளங்கும் வயது. "அப்பா, அவர்கள் ஏன் நமக்கு முன்னால் போகிறார்கள்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன்.

வேன் அண்ணன்: தம்பி, கோபித்துக்கொள்ளாதே. இடம் அவ்வளவுதான், வருகிறவர்கள் கூட. யாராவது எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். காசு இல்லாவிட்டால் நேரம். விலையைக் குறைத்தால் ஏழைக்குக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். உடரட்ட மெனிக்கே ரயிலில் ஒதுக்கிய இருக்கைக்கு விலை பெரிதில்லை. ஆனால் பதிவு திறந்து சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதே டிக்கட் பிறகு வெளியில் பல மடங்குக்கு விற்கும். வித்தியாசத்துக் காசு ரயிலுக்கும் போகவில்லை, நமக்கும் மிச்சமில்லை, தரகனுக்குப் போகிறது. அதைப் பூங்காவே எடுத்தால் புதிதாக ராட்டினமாவது கட்டும்.

சின்ன மாமா: இது சரியான வாதம். நான் ஒப்புக்கொள்கிறேன். 2023 இல் அவர்கள் அறிவித்ததும் அதுதான், பத்து வருஷத்தில் 60 பில்லியன் டொலர் பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும். 2025 மே மாதம் யுனிவர்சல் நிறுவனம் ஓர்லாண்டோவிலேயே எபிக் யுனிவர்ஸ் என்று புதிய பூங்கா திறந்துவிட்டது. போட்டி பக்கத்துத் தெருவில் நிற்கும்போது கட்டாமல் இருக்க முடியாது.

சின்ன மாமா: கூட்டத்தை விலையால் அடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2006 சீனப் புத்தாண்டில் ஹொங்கொங் டிஸ்னிலாண்டுக்குச் செல்லுபடியாகும் டிக்கட்டோடு வந்தவர்களையே உள்ளே விட முடியாமல் வாசலை மூடினார்கள். சிலர் பிள்ளைகளைக் கம்பி வேலிக்கு மேலாக உள்ளே கொடுத்தார்கள். பூங்கா திறந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. அதனால் பாதுகாப்புக்காகவாவது ஏதோ ஓர் அளவு வேண்டும்.

அத்தை: வேலிக்கு மேலாகப் பிள்ளையையா? ஐயோ.

நான்: மாமா, அண்ணா, அளவு வேண்டும் என்பது சரி. எதை வைத்து அளப்பது என்பதில்தான் எனக்கு வருத்தம். பேராதனைப் பூங்காவிலும் ஹக்கலையிலும் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நமக்கு வேறு விலை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. காசு உள்ளவர் கூடக் கொடுக்கிறார், பிள்ளையும் உள்ளே போகிறது. வாசல் ஒன்றுதான்.

நான்: போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். பயணக் காசை வெற்றிலைக் கடைத் தாளில் மடித்துக் கொண்டு வந்தார்கள், நாணயமாகவே பாதி. அதில் ஒரு பையன். ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் பிறந்து வளர்ந்தும் கிரகரி ஏரியை அவன் பார்த்ததே இல்லை. படகு, குதிரை எதற்கும் அவனிடம் காசு இல்லை, கேட்கவும் இல்லை. கரையில் குந்தி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டே இருந்தான். போவோம் என்றதும் ஈரக் கையைத் துடைக்காமலே பஸ்ஸில் ஏறினான். அந்த ஏரியை 1873 இல் வெட்டினார்கள் என்று வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அதையெல்லாம் அவன் மறந்துவிடுவான். அந்தக் குளிரை மறக்க மாட்டான். நாளைக்குத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவான்.

நான்: தம்பி, உனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா?

தம்பி: இருக்கிறது சின்னக்கா. லயத்தில் பத்தாம் நம்பர் காம்பரா வீட்டு டீவி.

அத்தை: இவன் வாசல் படியில் உட்கார்ந்து பார்ப்பான். உள்ளே இடம் இருக்காது. அப்புறம் அடுப்புக்கரியால் என் வீட்டுச் சுவரில் அந்த மிக்கி எலியை வரைந்து வைத்தான். காது இரண்டும் ரொட்டி அளவு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்வரை அழிக்க விடவில்லை.

நான்: அதைத்தான் சொல்கிறேன். டிக்கட் வாங்க முடியாத ஒரு பையன் மனதில் அந்த எலி விழுந்து, முப்பது வருஷம் கழித்து அவன் குடும்பத்தோடு டொலரை எண்ணிக்கொண்டு நிற்கிறான். அந்த நிறுவனம் உயிரோடு இருப்பது இப்படிப்பட்டவர்களால்தான். நடுத்தரக் குடும்பம் ஒன்று இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது, அந்த இடத்தில் வேறொருவர் நின்றுவிடுவார். அந்தப் பிள்ளை வளர்ந்து வராமல் இருக்கும்போதுதான் தெரியும். அதற்கு இருபது வருஷம் எடுக்கும். அப்போது விலையைக் குறைத்து என்ன பயன்? பூங்கா நாளைக்கே மூடப்படும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆபத்து இல்லை என்று சொல்கிறவர்கள் தப்பான வருஷத்தைப் பார்க்கிறார்கள்.

சின்ன மாமா: அவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பொப் ஐகரே 2023 இல், லாப ஆசையில் சில விலைகளை அளவுக்கு மிஞ்சி ஏற்றிவிட்டோம் என்ற பொருளில் பேசினார். அதற்குப் பிறகும் விலை ஏறத்தான் செய்தது. தெரிந்தும் நிறுத்த முடியாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. நீ சொன்ன இருபது வருஷக் கணக்கு எந்தக் காலாண்டு அறிக்கையிலும் வராது பிள்ளை.

வேன் அண்ணன்: தங்கச்சி சொன்ன பையன் கதை மனதைப் பிடித்துவிட்டது.

தம்பி: இப்போதுதான் வீட்டிலும் பேசினேன். ஜனவரி கடைசி வாரம், செவ்வாயும் புதனும். நத்தார்க் கூட்டமும் இல்லை, விலையும் இறங்கியிருக்கும். நான்கு நாள் என்று நினைத்திருந்ததை இரண்டாக்குகிறோம். பெரியவனுக்கு இரண்டு நாள் பாடசாலை போகும், ஆசிரியரிடம் சொல்லிக் கேட்கிறேன். லைட்னிங் லேன் வேண்டாம். விடியவே போய் வாசல் திறக்கும்போது நிற்போம்.

அத்தை: வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் பசிக்குமே. சாப்பாடு கொண்டு போக விடுவார்களா?

தம்பி: விடுவார்கள் அத்தை. கண்ணாடிப் போத்தல் கூடாது.

அத்தை: அப்படியென்றால் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொள். தேங்காய்ப் பூ போட்டால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், போடாமல் சுடு.

அக்கா: சின்னவளுக்குக் காதை மூடுகிற தொப்பி வை. விடியற்காலைக் குளிர் எங்கேயும் குளிர்தான்.

வேன் அண்ணன், இரவு 9.15: தங்கச்சி, இந்த வருஷ ஐந்தாம் வகுப்பைக் கூட்டிப் போய்விட்டாயா?

நான்: இல்லை அண்ணா. பஸ்காரர் கேட்கும் காசு இன்னும் சேரவில்லை.

வேன் அண்ணன்: சனி ஞாயிறு எனக்கு ஓட்டம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வண்டி சும்மாதான் நிற்கிறது. கூட்டாளியின் வேனையும் கேட்கிறேன், இரண்டு தடவை அடித்தால் எல்லாரையும் கொண்டு போய்விடலாம். டீசல் காசு மட்டும் தாருங்கள். எத்தனை பிள்ளைகள்?

நான்: 41.