தங்க இடமில்லாத நிலையில் சொந்த ஓவியங்களை விற்றுப் பிழைப்பது: விலை, பாதுகாப்பு குறித்து ஒரு கேள்வி

கரித்துண்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலையும் அதைத் தொடர்ந்து வாடகை வீடும் கையை விட்டுப் போன பிறகு, ஐந்து மாதங்களாக நிலையான இருப்பிடம் இல்லாமல் இருக்கிறேன். சில இரவுகளில் காப்பகத்தில் இடம் கிடைக்கிறது. கிடைக்காத இரவுகளைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. சிறு வயதிலிருந்தே வரைந்து வருகிறேன் என்பதால், பென்சிலிலும் கரிக்கோலிலும் நான் வரையும் படங்களை நடைபாதையில் விரித்து வைத்து விற்கத் தொடங்கினேன். பெரும்பாலும் மனிதர்களின் கைகளையும் பழைய படிக்கட்டுகளையுமே வரைகிறேன். வாங்குவோர் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

என் சிக்கல் விலை வைப்பதில்தான் இருக்கிறது. சென்ற வாரம், நான்கு நாள்கள் உழைத்து வரைந்த பெரிய படம் ஒன்றை, காப்பகத்தின் கதவை மூடும் நேரம் நெருங்கிவிட்டது என்ற பதற்றத்தில், உள்ளங்கை அளவுப் படம் ஒன்றின் விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் பேரம்கூடப் பேசவில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே நானாகவே குறைத்தேன். அன்றிரவு முழுவதும் பணத்தை இழந்ததைவிட, அப்படிக் குறைத்ததுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. மழையிலும் பனியிலும் படங்களைக் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி? என் நிலையைப் பலகையில் எழுதி வைத்தால் கூடுதலாக விற்கும் என்று உடன் தங்குபவர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சட்டகம்:

வணக்கம் நண்பரே. பல ஆண்டுகளாகத் தெருவோரச் சந்தைகளில் ஓவியம் விற்பவன் என்ற முறையில், விலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாலையில் விலை வைக்காதீர்கள். இருட்டும் நேரத்தில், வயிறும் கதவும் நினைவில் இருக்கும்போது, நம் மனம் படத்தைப் பார்ப்பதில்லை. காலையில், முந்தைய நாளின் காசு கொஞ்சமாவது கையில் இருக்கும்போது, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் ஒரு விலையை எழுதிவிடுங்கள். அதற்கும் கீழே இறங்குவதில்லை என்ற எல்லையையும் அப்போதே மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். மாலையில் யாராவது கேட்டால் படத்தைத் திருப்பிப் பார்த்துப் படியுங்கள். எழுதியிருப்பதைப் படிப்பது, நினைத்துச் சொல்வதைவிட எவ்வளவு எளிது என்பது இரண்டே நாளில் தெரியும்.

கணக்கு வைக்க எளிய வழி, படத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை ஒரு நிலையான எண்ணால் பெருக்குவது. பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டால் பெரிய படங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்: 15 × 20 செ.மீ. படத்தின் பரப்பு 300 சதுர செ.மீ., 30 × 40 செ.மீ. படத்தின் பரப்பு 1,200 சதுர செ.மீ.; அதாவது விலை நான்கு மடங்காகும். பக்கங்களைக் கூட்டினால் 35, 70 என்று இரு மடங்கோடு நிற்கும். தெருவில் வாங்குபவர்களுக்கு அந்த ஏற்றம் நியாயமாகத் தோன்றும். பெருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க, நீங்கள் வழக்கமாக வரையும் அளவில் ஒரு படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்குச் சாதாரணக் கூலி எவ்வளவோ அதையும் தாளுக்கும் கோலுக்கும் ஆன செலவையும் சேர்த்து, பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும்.

அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால், பெரிய படத்தின் விலையைக் குறைப்பதற்குப் பதிலாகச் சிறிய படம் ஒன்றை விற்றுவிடுங்கள். அதற்காகவே அஞ்சலட்டை அளவில், ஏ6 தாளில், அதாவது 105 × 148 மி.மீ. அளவில், பத்துப் பதினைந்து படங்கள் எப்போதும் பையில் இருக்கட்டும். அரை மணி நேரத்தில் முடியக்கூடிய அவற்றைக் கொண்டு அன்றைய சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் படத்துக்கு அன்றைய சாப்பாட்டைத் தேடித் தரும் பொறுப்பு இருக்கக் கூடாது.

ஈரத்தாள்:

சட்டகம் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். நானும் ஒன்றரை ஆண்டுக் காலம் வெளியில் இருந்தவள். அப்போது நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரே மழையில் பதினொரு படங்கள் கரைந்து ஒரே நிறமாயின.

கூரை இல்லாதவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கருவியை. பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கரிக்கோலும் கரிமம் என்பதால் வெயிலில் வெளுப்பதில்லை. ஆனால் கரிக்கோல் உரசினால் உதிர்ந்துவிடும் என்பதால், அதன் மேல் தெளித்துத் தூளைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் என்ற திரவம் தேவைப்படும். தலைமுடிக்குத் தெளிக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நாளடைவில் தாளை மஞ்சளாக்கும் என்பதால், விற்கும் படத்துக்கு வேண்டாம். வண்ணம் வேண்டுமென்றால் அக்ரிலிக் நல்லது, ஏனெனில் காய்ந்த பின் அது தண்ணீரில் கரையாது. எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாள் கணக்கில் ஆகும். அதுவரை அதை எங்கே சாய்த்து வைப்பீர்கள்? பந்துமுனைப் பேனா மலிவுதான் என்றாலும் அதன் சாயம் வெளிச்சத்தில் மங்கும். கோட்டோவியத்துக்கு, நீரில் கரையாத நிறமி மை கொண்ட பேனாக்களே ஏற்றவை.

சுமப்பதற்கு, தாளைவிட இரண்டு விரற்கடை பெரிதான இரண்டு கெட்டி அட்டைகளை எடுத்து, படங்களை நடுவில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வழவழப்பான மெல்லிய தாள் ஒன்றை இட்டு, நான்கு பக்கமும் நாடாவால் கட்டி, அதை நெகிழிப் பைக்குள் இறக்குங்கள். இரவில் நெகிழிக்குள் ஈரம் வியர்த்து நிற்கும். அதனால் வெயில் வந்ததும் பையைத் திறந்து சற்று நேரம் ஆற விட வேண்டும். இதைச் செய்யாமல்தான் என் படங்களில் சில பூசணம் பூத்துப் போயின.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு படத்தையும் விற்கும் முன்பே புகைப்படம் எடுத்துவிடுவது. நேரடி வெயிலில் எடுக்காமல் நிழலிலோ மேகமூட்டமான நாளிலோ, படத்துக்கு நேர் எதிரே சாய்வில்லாமல் கைப்பேசியைப் பிடித்து எடுங்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். கைப்பேசி தொலையும், நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டாயம் தொலையும். மின்னஞ்சல் எந்தப் பொது நூலகக் கணினியிலும் திறக்கும். அதே நூலகத்தில் மின்னேற்றமும் செய்துகொள்ளலாம், மழை நேரத்தில் உட்கார்ந்து வரையவும் செய்யலாம்.

கரித்துண்டு:

இருவருக்கும் மிக்க நன்றி. விற்ற படங்களில் எதையுமே புகைப்படம் எடுத்து வைக்கவில்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன். பலகையில் எழுதி வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மைக்குப்பி:

அதைப் பற்றி நான் எழுதுகிறேன். என் கருத்தில் மற்றவர்களுக்கு மாறுபாடு இருக்கலாம்.

வேண்டாம் என்பதே என் பதில். பலகையைப் படிப்பவர் உங்களுக்கு உதவ நினைக்கிறார். உதவ நினைப்பவர் சில்லறையைப் போட்டுவிட்டுப் படத்தை எடுக்காமலே போய்விடுகிறார். அல்லது எடுத்துக்கொண்டு, அதைத் தாம் செய்த நன்மையின் அடையாளமாக அலமாரியில் வைத்துவிடுகிறார். சுவரில் மாட்டுபவரே அடுத்த படத்துக்கும் வருவார். வேறொரு காரணமும் உண்டு: இரவில் எங்கே படுக்கிறீர்கள், கையில் பணம் இருக்கிறதா என்பவற்றை அந்தப் பலகை வாங்க வராதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறது.

அதே நேரத்தில், வாழ்க்கையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க் தெருக்களில் முதுமையில் வசித்த ஜிம்மி மிரிகிடானி (1920–2012) பூனைகளையும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வழியினர் என்பதற்காகத் தம்மைப் போன்றோரை அமெரிக்க அரசு அடைத்து வைத்திருந்த முகாமையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருடைய கதை படத்துக்குள்ளேயே இருந்தது. உங்கள் படிக்கட்டுகளிலும் அப்படி ஏதோ இருக்கும் என்று நினைக்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துப் படிக்கட்டை, அங்கே இருந்தவர்தானே வரைய முடியும்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த பில் டிரெய்லர், ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில், 1939 வாக்கில், மான்ட்கோமரி நகரத் தெருவோரத்தில் உட்கார்ந்து, தூக்கியெறியப்பட்ட அட்டைகளில் வரையத் தொடங்கினார். அப்போது அவர் இரவில் படுத்தது ஓர் ஈமச்சடங்கு நிலையத்தின் பின்னறையில். கறையும் கிழிசலும் உள்ள அட்டையின் வடிவத்துக்கேற்ப அவர் உருவங்களை வளைத்தார். சார்லஸ் ஷானன் என்ற இளம் ஓவியர் அவருக்கு வண்ணங்கள் வாங்கித் தந்து, படங்களைச் சேகரித்துப் பாதுகாத்தார்; ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று இருப்பதற்கு அதுவே காரணம். டிரெய்லர் 1949இல் இறந்தார். 2018இல் ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. ஆனால் அந்தப் படங்கள் யாருக்கு உரியவை என்ற கேள்வியோடு அவருடைய வழித்தோன்றல்கள் 1992இல் ஷானன் மீது வழக்குத் தொடுத்தார்கள். பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. நல்ல மனத்தோடு உதவுபவரிடம்கூட எதைக் கொடுத்தோம், எதை விற்றோம் என்பது எழுத்தில் இருப்பது நல்லது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஈரத்தாள்:

மைக்குப்பி சொல்வதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. பலகை வேண்டாம், சரி; ஆனால் வாங்குபவர் தானாகக் கேட்டால் நான் மறைத்ததில்லை. அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர்தான், கடிதங்களுக்குத் தம் அலுவலக முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். எங்கே படுக்கிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

நாலுமுழம்:

எழுத்தில் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததால், பதிப்புரிமை பற்றிச் சில வரிகள். ஓவியத்தை விற்பதால் அதை நகலெடுக்கும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் இணைந்துள்ள நாடுகளில், எங்கும் பதிவு செய்யாமலே, வரைந்த கணத்திலிருந்து அந்த உரிமை வரைந்தவருடையது. பொதுவாக அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். முகவரி இல்லாதவருக்கும் இது பொருந்தும். ஆகவே கைகளை வரைந்த உங்கள் ஓவியத்தை ஒருவர் பனியனில் அச்சிட்டு விற்க விரும்பினால், அவர் உங்களிடம் தனியாக அனுமதி பெற்று, தனியாகப் பணம் தர வேண்டும். படத்தின் பின்புறம் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றோடு, “நகலெடுக்கும் உரிமை ஓவியரிடமே உள்ளது” என்று ஒரு வரி எழுதி வைத்தால், பின்னாளில் அதைப் புதிதாகச் சொல்லிப் புரியவைக்கும் தொல்லை இருக்காது.

இணையத்தில் விற்கத் தொடங்கினால் ஒரு மோசடியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து ஒருவர் உங்கள் படத்தைப் புகழ்ந்து, விலையைவிடக் கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்பி, மிகுதியைத் தம் போக்குவரத்து முகவருக்கு அனுப்பிவிடச் சொல்வார். வங்கி அந்தத் தொகையை உடனே கணக்கில் காட்டலாம். சில நாள்களோ வாரங்களோ கழித்துக் காசோலை போலி என்று தெரியும்போது, நீங்கள் அனுப்பிய மிகுதி உங்கள் சொந்தப் பணமாக இருக்கும். கூடுதலாகத் தருகிறேன் என்பவரிடம் பதில் பேச வேண்டியதே இல்லை. கேட்டு வரையும் படங்களுக்குப் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கைமாற்றுங்கள்.

நடைபாதையில் விற்பதற்கு உரிமம் தேவையா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள், ஏனெனில் பறிமுதல் நடந்தால் போவது ஒரு நாள் விற்பனை மட்டுமல்ல, கையிருப்பு முழுவதும். அரசு உதவித்தொகை ஏதேனும் பெறுபவராக இருந்தால், விற்பனை வருமானம் அதைப் பாதிக்குமா என்பதையும் விசாரித்து, நாள்வாரியாகக் கணக்கு எழுதி வையுங்கள்.

கரித்துண்டு:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. காசோலை பற்றி நாலுமுழம் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று நாள்களுக்கு முன் அதேபோல் ஒரு மின்னஞ்சல் எனக்கும் வந்திருக்கிறது. நல்ல காலம் என்று நினைத்து, பதில் எழுதச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டேன்.

இன்று காலை நூலகம் திறந்ததும் கையிலிருந்த பதினேழு படங்களையும் சன்னலோரத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்து, எனக்கே அனுப்பிக்கொண்டு, பின்புறத்தில் விலையும் எண்ணும் எழுதினேன். எண் 1 என்று எழுதியபோது, இதுவரை விற்ற முப்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு எண்ணே இல்லை என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பெரிய படிக்கட்டுப் படத்துக்கு நான் எழுதிய விலை எனக்கே அதிகமாகத் தோன்றுகிறது. பக்கங்களைக் கூட்டி இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஏ6 தாள் ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன்.