வெக்கை ஊரில் பின்னல் பழக என்ன பின்னலாம்?

பரந்தன் தங்கச்சி:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கிற பெரியம்மா ஒரு பை நிறையப் பின்னல் சாமான் அனுப்பியிருக்கிறார். 5 மில்லிமீற்றர் என்று பொறித்த மூங்கில் ஊசி ஒரு சோடி, பட்டி கழன்றுபோன நூல் பந்துகள் கொஞ்சம். யூரியூப் பார்த்து நிட் என்கிற அடிப்படைப் பின்னலைப் பிடித்துவிட்டேன். அதன் மறுபக்கம் மாதிரி வருகிற பேர்ல் பின்னல் இன்னும் கைக்கு வரவில்லை.

எங்கே பார்த்தாலும் முதலில் ஸ்காஃப் பின்னச் சொல்கிறார்கள். பரந்தன் வெயிலில் ஸ்காஃபைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போக? வீட்டுக்கு உதவுகிற, கெதியாக முடிகிற ஏதாவது சொல்லுங்கோ. இன்னொன்று: ஊசியில் 30 கண் (நூல் வளையம்) போட்டுத் தொடங்கினால் கொஞ்ச வரிசைக்குள் 35 ஆகிவிடுகிறது. ஓரமும் சரிந்து போகிறது. எங்கே கூடுகிறது என்று பிடிபடவில்லை. அடுத்த மாதம் அண்ணிக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. அதற்கும் ஏதும் பின்னலாமா?

வவுனியா அக்கா:
ஸ்காஃபை அப்படித் தள்ளிவிடாதீர்கள். தை மாதப் பனியில் விடியக் காலை சைக்கிளில் ரியூசன் போகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் முதல் வேலையாக வேண்டாம், அது முடியவே முடியாது.

மல்லாவி மாமி:
பிள்ளை, முதலில் அந்தக் கண் கூடுகிற கதையை முடிப்போம். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலால் பின்பக்கம் விழுந்து கிடக்கும். அது முதல் கண்ணை மேலே இழுத்துவிட, ஒரு கண்ணின் இரண்டு காலும் இரண்டு கண் மாதிரித் தெரியும். நீங்களும் இரண்டிலும் பின்னிவிடுவீர்கள். அதனால் திருப்பியதும் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியால் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதல் கண் ஒன்றாகத் தெரியும்.

ஓரத்தில் இல்லாமல் நடுவில் ஓட்டை விழுந்து கண் கூடினால் காரணம் வேறு. நூல் முன்பக்கம் நிற்க நிற்க நீங்கள் நிட் பின்னியிருக்கிறீர்கள். நூல் ஊசியை ஒரு சுற்றுச் சுற்றிப் புதுக் கண் ஆகிவிடும். இதைத் தெரியாமல் போட்டால் பிழை, தெரிந்து போட்டால் வேலைப்பாடு. உங்கள் முதல் சாமானை இதை வைத்தே பின்னலாம்: அடுப்படிக்கு ஒரு சதுரத் துணி, மூலையில் தொடங்கி மூலையில் முடிவது.

4 கண் போட்டு ஒரு வரிசை நிட். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையும் இப்படி: 2 நிட், நூலை முன்னுக்கு எடுத்து ஊசிக்கு மேலால் ஒரு சுற்று, மிச்சம் எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண் கூடிக்கொண்டே போகும். 45 கண் வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள்: 1 நிட், இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மிச்சம் நிட். திரும்ப 4 கண் ஆனதும், அவிழாதபடி கண்களை மூடிவிடுங்கள். உங்கள் ஊசிக்கும் நடுத்தரத் தடிப்பு நூலுக்கும் ஏறக்குறைய ஒரு சாண் சதுரம் வரும், ஓரம் முழுக்கச் சின்ன ஓட்டை வரிசையோடு. பேர்ல் தேவையில்லை. எல்லா வரிசையும் நிட் என்பதால் ஓரம் சுருளாது. அளவு பார்க்கவும் வேண்டாம். நூல் பாதி முடிந்தால் அங்கேயே குறைக்கத் தொடங்கலாம்.

ஆனால் நூல் எது என்று பார்க்காமல் அடுப்படிக்குப் பின்னாதீர்கள். விரல் நீளத்துக்கு வெட்டி, குறட்டால் பிடித்து, ஒரு சிரட்டைத் தண்ணீருக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கடதாசி எரிகிற மணமும் சாம்பலும் என்றால் பருத்தி. மயிர் கருகுகிற மணம் வந்து, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தால் கம்பளி. உருகிக் கறுத்த மணி போல இறுகினால் அக்ரிலிக் மாதிரிச் செயற்கை நூல். அதில் சட்டி இறக்கும் துணி பின்னினால் விறகடுப்புச் சூட்டில் உருகி விரலில் ஒட்டும். பருத்தியில் இரண்டு சதுரம் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால்தான் சூடு தாங்கும். ஈரமாக இருக்கும்போது சட்டியைத் தொடவேண்டாம், ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்தும்.

அண்ணியின் பிள்ளைக்குத் தொப்பி பின்னலாம். பிறந்த பிள்ளையின் தலைச்சுற்று 35 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருக்கும். தொப்பி இழுபடும் என்பதால் 33 போதும். முதலில் 20 கண்ணில் ஒரு துண்டு பின்னி, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண் என்று எண்ணுங்கள். 17 வந்தால் 56 கண் போடுங்கள். 15 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை எல்லாம் நிட். மூடி, இரண்டாக மடித்து, மேல் ஓரத்தையும் பக்க ஓரத்தையும் தையுங்கள். மேல் மூலை இரண்டும் பூனைக்காது மாதிரி நிற்கும். மென்மையான நூலாகப் பாருங்கள். பகல் வெக்கையில் தொப்பி வேண்டாம், பிள்ளை தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். கைக்கு உறை மட்டும் பின்னாதீர்கள். உள்ளே தொங்குகிற நூல் சின்ன விரலைச் சுற்றி இறுக்கினால் பிள்ளை அழும், ஏன் அழுகுது என்று ஒருவருக்கும் தெரியாது.

முல்லைத்தீவான்:
பெண்களின் பேச்சுக்குள் நுழைகிறேன், குறை நினைக்காதீர்கள். வலை பொத்துகிற கை எனக்கு. வீட்டில் அம்மா சைக்கிள் ஸ்போக்கில் பின்னுவா. அது 2 மில்லிமீற்றர்தான், மெல்லிய நூலுக்கே சரி. தங்கச்சியின் நூலுக்கு ஆகாது. மூங்கில் ஊசி உடைந்தால் காய்ந்த மூங்கிலைச் சீவி, மண்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுதிரி பூசி வழுக்க விடுங்கள். நூல் சிக்காது.

பரந்தன் தங்கச்சி:
மாமி, கோடி நன்றி. நூலைக் கீழே இழுத்துப் பின்னினேன், கண் கூடவில்லை! கொளுத்தியும் பார்த்தேன். இரண்டு பந்து மட்டும் பருத்தி, மிச்சம் எல்லாம் மணி மணியாக உருகுது. அதை என்ன செய்ய?

மல்லாவி மாமி:
எறியாதீர்கள். அது நல்ல நூல்தான், கழுவினால் கெதியாகக் காயும். பிளாஸ்ரிக் கதிரைக்கு இருக்கை விரிப்பு, தம்பியின் தண்ணீர்ப் போத்தலுக்கு உறை, எல்லாம் வெறும் நீட்டுத் துண்டு பின்னி மடித்துத் தைக்கிற வேலை. பழைய ரீசேட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டிக் கால்மிதி பின்னுகிறவர்களும் உண்டு. அதற்குப் பெரு விரல் தடிப்பில் ஊசி வேண்டும், முல்லைத்தீவுத் தம்பி சொன்னதுபோல மூங்கிலில் சீவலாம். அக்ரிலிக்கில் பின்னியதற்கு அயன்பெட்டி வைக்க வேண்டாம். ஒருமுறை சூடு பட்டால் பின்னல் தொய்ந்து பளபளத்துப் போய்விடும், திரும்ப வராது.