செல்ஃபி சிபி1500 பிரிண்டருக்கு எந்த இங்க் வாங்கணும்? வளைகாப்புக்கு 130 போட்டோ

வாசுகி_நெல்லை:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஊருக்கு வந்தப்போ அவனோட கேனன் செல்ஃபி சிபி1500 பிரிண்டரை எனக்குக் கொடுத்துட்டுப் போனான். பெட்டியும் இல்ல, புக்லெட்டும் இல்ல. பிரிண்டர், அடாப்டர், பேப்பர் ட்ரே மட்டும்தான். அடுத்த மாசம் மதினிக்கு வளைகாப்பு. வர்றவங்களைப் படம் எடுத்து அங்கேயே கையில கொடுக்கலாம்னு இருக்கோம். சுமார் 130 படம் வேணும்.

இங்க் வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடினா தலை சுத்துது. கேபி-36ஐபி, கேபி-108ஐஎன், ஆர்பி-108, கேசி-36ஐபி, கேஎல்-36ஐபி, எக்ஸ்எஸ்-20எல். எல்லாத்துலயும் செல்ஃபின்னுதான் எழுதியிருக்கு. இதுல எது எனக்கு? இன்னொண்ணு, இங்க்கை மட்டும் வாங்கிட்டு ஸ்டேஷனரி கடை 4×6 க்ளாஸி பேப்பரைப் போட்டா செலவு குறையுமா?

சேலத்து_மாம்பழம்:
எதுக்கு அக்கா இவ்ளோ யோசனை? கறுப்பு ஒண்ணு, கலர் ஒண்ணு வாங்குங்க. தீர்ந்தா சிரிஞ்சுல ரீஃபில் பண்ணிக்கலாம். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் ஓடுது.

ஸ்டுடியோ_அண்ணாச்சி:
தம்பி, அது இங்க்ஜெட்டுக்குச் சரி. இதுல மையே கிடையாது, சிரிஞ்சை எங்கே குத்துவீங்க?

வாசுகிம்மா, உங்க பிரிண்டர் டை சப்ளிமேஷன் வகை, அதாவது ரிப்பன்ல இருக்கிற சாயத்தைச் சூடாக்கிப் பேப்பர்ல ஏத்துறது. கேசட்டுக்குள்ள ஒரு ரிப்பன் சுத்தியிருக்கும். மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியா நிறமில்லாத ஒரு பாதுகாப்புப் பூச்சு. ஒரு படத்துக்கு இந்த நாலு துண்டும் செலவாகும். பேப்பர் நாலு தடவை உள்ளே போய் வர்றது அதனாலதான். படம் முழுக்க வெள்ளைச் சுவரா இருந்தாலும் அந்த நாலு துண்டும் போயிரும், மிச்சம் பிடிக்கவே முடியாது. அதனால இங்க் எவ்வளவு வரும்னு கணக்குப் போட வேண்டாம், கேசட்டுல எத்தனை படம்னு எழுதியிருக்கோ அத்தனைதான். பேப்பரும் அதே எண்ணிக்கையில செட்டாவே வரும்.

கடை பேப்பர் வேண்டவே வேண்டாம். இங்க்ஜெட் க்ளாஸியில இந்தச் சாயத்தைப் பிடிக்கிற பூச்சு கிடையாது. ரிப்பனோட ஒட்டிக்கிட்டு உள்ளேயே மாட்டிக்கும். பேப்பர்ல மிச்சம் பிடிக்கப் போய் மெஷினுக்குச் செலவு வைக்காதீங்க.

இனி உங்க பட்டியல். கேபியும் ஆர்பியும் போஸ்ட்கார்டு அளவு, 100×148 மில்லிமீட்டர். 4×6 ஆல்பத்துல, ஃப்ரேம்ல உட்காரும், ஓரத்துல மயிரிழை இடம் விடும், அவ்வளவுதான். கேஎல் அதைவிடச் சின்னது, 89×119. கேசி ஏடிஎம் கார்டு அளவு, 54×86. இந்த ரெண்டுக்கும் பேப்பர் ட்ரே தனியா வாங்கணும், இல்லேன்னா பேப்பரும் இங்க்கும் பொருந்தலைன்னு மெஷின் நின்னுடும். எக்ஸ்எஸ்-20எல் உங்களுக்கு இல்லவே இல்லை. அது சதுரப் படம் போடுற க்யூஎக்ஸ்10-க்கு. பேரு ஒண்ணா இருக்கிறதால பலரும் ஏமாறுவது இதுலதான். கையில இருக்கிற ட்ரே எந்த அளவுன்னு முதல்ல பாருங்க.

வாசுகி_நெல்லை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ட்ரேயை அளந்து பார்த்தேன், போஸ்ட்கார்டு அளவுதான். அப்போ கேபியா, ஆர்பியா? ரெண்டும் 108னு போட்டிருக்கே.

ஸ்டுடியோ_அண்ணாச்சி:
கேபி-108ல 36 படத்துக்கான ரிப்பன் மூணு இருக்கும். ஆர்பி-108ல 54 படத்துக்கானது ரெண்டு. உங்க மாடலுக்கு ரெண்டுமே சேரும். ரொம்பப் பழைய செல்ஃபி வச்சிருக்கிறவங்கதான் ஆர்பி வாங்கும்போது பெட்டியில தங்க மாடல் பேரு இருக்கான்னு பார்க்கணும். ஆர்பி-108 ஒண்ணு, கேபி-36 ஒண்ணு வாங்குனா 144 ஆச்சு. 130 போக 14 கையில நிற்கும். வீட்டுல ஓட்டிப் பார்க்க அது வேணும்.

ஃபங்ஷன்_பூத்_கோவை:
நாங்க விசேஷங்களுக்கு இதைத்தானுங்க ஓட்டுறோம். இங்க்கை விட நேரம்தான் உங்களைப் படுத்தும். ஒரு படத்துக்கு 41 செகண்டுனு கம்பெனி கணக்கு. நிக்காம ஓடினாலே 130 படத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேணும். தொடர்ந்து ஓட்டினா சூடாகி அதுவா கொஞ்சம் நின்னு நின்னு போகும், பழுதாச்சுன்னு பயந்து ஆஃப் பண்ணீராதீங்க. பந்தி முடிஞ்சு ஆரம்பிக்கலாம்னு இருந்தீங்கன்னா பாதிப் பேரு கிளம்பிருவாங்க. வளையல் அடுக்க ஆரம்பிக்கறப்பவே ஓட்டீருங்க.

ட்ரேயில 18 பேப்பருக்கு மேல திணிக்காதீங்க. பளபளப்பான பக்கம் மேலே இருக்கோணும். 36 ரிப்பனுக்கு ரெண்டு ட்ரே, 54 ரிப்பனுக்கு மூணு ட்ரே, கணக்கு சரியா வருமுங்க. கேசட்டைப் போடறப்போ ரிப்பன் தொய்ஞ்சு கிடந்தா அந்தப் பல்லுச் சக்கரத்தைச் சுத்தி இழுத்து விட்டுருங்க.

பேப்பர் பின்பக்கமா வெளியே வந்துதான் உள்ளே போகும், செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க. மஞ்சளா வெளியே எட்டிப் பார்க்கறப்பவே படம் வந்துருச்சுன்னு குழந்தைங்க பிடிச்சு இழுத்துருவாங்க, பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் நிக்கோணும். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம், தூசி விழுந்தா படத்துல வெள்ளைப் புள்ளி வருமுங்க. கரண்டு போனா பாதிப் படத்தோட நின்னுரும். இதுக்குப் பேட்டரி தனியா விக்கறாங்க. இல்லீன்னா இன்வெர்ட்டர் லைன்ல சொருகிருங்க.

ரயிலடி_ராசா:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட கோடாக் மினி 2 இருக்கு. அதோட படமும் 54×86தான். கேசி ரிப்பனை அதுல போடலாமா அண்ணாச்சி?

ஸ்டுடியோ_அண்ணாச்சி:
கூடாது. அளவு ஒண்ணா இருந்தாலும் கேசட் வேற. உங்களுதுல ரிப்பனும் பேப்பரும் ஒரே டப்பாவுக்குள்ள சேர்ந்தே வரும், மினி 2-க்குன்னு எழுதியிருக்கிறதை மட்டும் வாங்குங்க.

சேலத்து_மாம்பழம்:
இங்க்கே தேவையில்லாத பாக்கெட் பிரிண்டர்னு விக்கிறாங்களே, அது எப்படி?

ஸ்டுடியோ_அண்ணாச்சி:
அது ஜிங்க். சாயம் பேப்பருக்குள்ளேயே இருக்கும், சூடு பட்டா நிறம் வரும். பெரும்பாலும் 2×3 இஞ்சு. நோட்டுல ஒட்ட அழகு. விசேஷத்துக்கு வந்தவங்க கையில கொடுக்க எனக்கு மனசு வராது.

வாசுகி_நெல்லை:
ஆர்பி-108ம் கேபி-36ம் ஆர்டர் போட்டாச்சு. விலை பாதிக்குக் கிடைக்குதேன்னு வேற கம்பெனி ரிப்பன் ஒண்ணும் பார்த்தேன், விசேஷத்துக்கு வேண்டாம்னு விட்டுட்டேன். கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன். தீர்ந்த கேசட்டைக் குப்பையில போட்டுடலாமா?

ஃபங்ஷன்_பூத்_கோவை:
மண்டபத்துக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. ஓடின ரிப்பனை விரிச்சு வெளிச்சத்துல பிடிச்சா ஒவ்வொரு படமும் நெகட்டிவ் மாதிரித் தெரியும், ஆளையே அடையாளம் கண்டுபிடிக்கலாம். ஆதார், பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாலும் இதே கதைதான். வீட்டுக்குக் கொண்டுபோய் ரிப்பனை உருவி, துண்டு துண்டா வெட்டிப் போட்டுருங்க.