தினமும் 28 கி.மீ.: விலை குறைந்த மின்சார ஸ்கூட்டர் தாங்குமா?

காலைப்பயணி:
ஆபீஸ் 14 கி.மீ., போக வர 28. பாதி தூரம் மகள் பின்னால் உட்கார்ந்து வருவாள். வழியில் ஒரு மேம்பாலம். குடியிருப்பது மூன்றாம் மாடி, வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. என் கைக்கு எட்டும் ஒரு வண்டியில் 48 வோல்ட், 28 ஆம்பியர் ஹவர் பேட்டரி, கழற்றி எடுக்கலாம். ஒரு சார்ஜில் 90 கி.மீ. என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

நகரவாசி:
தாராளமாக வாங்குங்கள். நெரிசலில் கிளட்ச், கியர் தொல்லை இல்லாததே பெரிய நிம்மதி. ஆனால் அந்த 90ஐ மட்டும் நம்பாதீர்கள்.

பேட்டரிக்காரர்:
பேட்டரி பேக் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். முதலில் தூரக் கணக்கு. 48ஐ 28ஆல் பெருக்கினால் 1,344 வாட் ஹவர், அதுதான் பேட்டரியில் அடங்கும் மொத்த மின்சாரம். ஆள் ஏற்றி, நின்று நின்று ஓட்டும்போது கிலோமீட்டருக்கு 30 வாட் ஹவர் என்று வையுங்கள், 45 கி.மீ. வரும். 90 வேண்டுமென்றால் சமதளத்தில், தனியாக, ஒரே மெதுவான வேகத்தில் போக வேண்டும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. பேட்டரி பழசாகி 80 சதவீதத்துக்கு இறங்கினால் 36 கி.மீ.தான். உங்கள் 28க்குப் போதும், சுற்றிவர அதிகம் மிச்சம் இருக்காது.

தூரத்தைவிட எனக்குக் கவலை, அது என்ன பேட்டரி என்பதுதான். லெட் ஆசிட், அதாவது ஈய பேட்டரி என்றால் இந்த அளவுக்கு 40 கிலோவை நெருங்கும். அதை எப்படி தினமும் மூன்று மாடி தூக்குவீர்கள்? தினமும் அடிவரை காலியாக்கினால் சில நூறு சார்ஜிலேயே படுத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 12 கிலோ போல இருக்கும், ஆயிரம் சார்ஜுக்கு மேல் தாங்கும், மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டையும் தாங்கும். பேச்சை நம்பாமல் கழற்றித் தூக்கிப் பாருங்கள், செல் வகையை பில்லில் எழுதி வாங்குங்கள்.

மேம்பாலத்தை முழு சார்ஜில் சோதிக்காதீர்கள். சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் இறங்கும், இழுவை குறையும். கால்வாசி சார்ஜில், பின்னால் ஆள் ஏற்றி ஏறிப் பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். ஏற்றத்தில் திணறி இழுக்கும்போதுதான் அது மிகவும் சூடாகும்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். படுக்கையறையிலோ வாசலை ஒட்டியோ சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்தான். ஓட்டி வந்ததும் கொஞ்சம் ஆறவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ தண்ணீர் புகுந்திருந்தாலோ தொடாதீர்கள்.

காலைப்பயணி:
மிக்க நன்றி. ஆபீஸில் விசாரித்தேன், அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமாம்.

பேட்டரிக்காரர்:
அப்படியானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பகலில் அங்கேயே ஏற்றுங்கள், மாடிக்குத் தூக்கும் வேலையும் ராத்திரி சார்ஜும் மிச்சம். தினமும் அடிமட்டம்வரை இறக்காததால் பேட்டரியும் நீடிக்கும். லித்தியம் என்று உறுதியானால் எடுங்கள். லெட் ஆசிட் என்றால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ள மாடலாகப் பாருங்கள், மகள் பின்னால் வருகிறாளே.