ஆற்று நண்டு: பொறியில் ஆணே அதிகம் விழுகிறது. பாலின விகிதம் என்று இதை எழுதலாமா?

ஓடைக்கரை:
தாமிரபரணியின் கிளை ஓடை ஒன்றில் வயல் நண்டு (ஸ்பைரலோதெல்புசா ஹைட்ரோட்ரோமா) கணக்கெடுப்பு. கோழிக்குடல் வைத்த பொறி, மாதம் ஒரு இரவு, இதுவரை ஆறு மாதம். ஆண்தான் அதிகம். சினை நண்டு ஒன்றுகூட இல்லை, குஞ்சும் இல்லை. ‘ஆண் மிகுந்த கூட்டம், இனப்பெருக்கம் குறைவு’ என்று முடிவு எழுதலாமா?

கல்லிடுக்கு:
எழுதாதீர்கள். பொறிக்கு வந்தவை எவை என்றுதான் இது காட்டுகிறது. ஓடையில் எவை இருக்கின்றன என்று காட்டாது. இரை வாசனைக்கு முதலில் வருவது பெரிய ஆண். அது உள்ளே உட்கார்ந்துவிட்டால் சிறிசுகள் கிட்டே வராது. வந்தாலும் கண்ணி வழியே நழுவிவிடும். ‘நண்டு கொழுத்தால் வளையில் தங்காது’ என்பது பழமொழிக்குச் சரி. சினை பிடித்த நண்டோ வளையை விட்டு எளிதில் வெளியே வராது, இரை தேடியும் அதிகம் அலையாது.

100 மீட்டர் நீளத்தை மடு, கல் ஓட்டம், கரை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மாதந்தோறும் 1×1 மீட்டர் சதுரச் சட்டகம் பத்து இடத்தில் வைத்து, அதற்குள் உள்ளதை எண்ணுங்கள். கீழ்நீரிலிருந்து மேலே ஏறியபடி கல்லைப் புரட்டுங்கள், கீழ்ப்பக்கம் 2 மி.மீ. கண்ணி கைவலை இருக்கட்டும். இலைச்சருகை வெள்ளைத் தட்டில் கொட்டி அலசினால்தான் குஞ்சு கண்ணில் படும். கரையில் வாயருகே ஈர மண் புதிதாகத் தள்ளியிருக்கும் வளைதான் ஆளுள்ள வளை; பழைய வளைகளை எண்ணினால் கணக்கு வீங்கும். பொறியை நிறுத்த வேண்டாம், அதன் தரவைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

இன்னொன்று, பலரும் இங்கேதான் சறுக்குவார்கள். நன்னீர் நண்டுக்கு நீந்தும் லார்வாப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளிவந்து தாயின் வயிற்று மடலுக்குள் (உடலின் அடியில் மடிந்திருக்கும் தகடு) சில காலம் இருக்கும். தாயை மற்ற நண்டுகளோடு ஒரே பையில் போட்டால் குட்டிகள் உதிர்ந்து, தனியே வாழும் குஞ்சுகளாகக் கணக்கில் ஏறிவிடும். சினை நண்டுக்குத் தனி அகலவாய் டப்பா.

வெர்னியர்:
ஆண் பெண் பிரிப்பதிலும் கவனம். வளர்ந்ததில் ஆணின் வயிற்று மடல் குறுகல், பெண்ணுடையது அகன்ற வட்டம். குஞ்சில் இரண்டுக்கும் குறுகலே. மடலை ஊசியால் தூக்கி லென்ஸில் பாருங்கள்: ஆணுக்கு 2 இணை உறுப்பு, பெண்ணுக்கு 4 இணை. தெரியாவிட்டால் ‘பாலினம் தெரியாதது’ என்றே எழுதுங்கள். ஊகித்தால் சின்னப் பெண்கள் ஆண் கணக்கில் சேரும்.

ஓட்டின் அகலத்தை மிக அகன்ற இடத்தில் அளக்கவும். கொடுக்கு போனது, ஓடு கழற்றி மெத்தென்று இருப்பது, சினை நண்டு ஆகியவை ஓட்டு அகலத்தையும் எடையையும் இணைக்கும் சமன்பாட்டில் வேண்டாம்.

ஓடைக்கரை:
நன்றி. ஆண்-பெண் விகிதம் 1:1-இலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) ஆறு மாதத்தையும் கூட்டியா, மாதவாரியா? அளவு வகுப்பு எத்தனை?

கல்லிடுக்கு:
இரண்டும் செய்யுங்கள். 144 நண்டில் ஆண் 86, பெண் 58 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 72-72. (14²÷72)×2 = 5.44, இது 0.05 மட்டத்துக்கான வரம்பு 3.84-ஐத் தாண்டுவதால் 1:1 இல்லை. ஆனால் ஓராண்டு முடிந்து 12 மாதத்தைத் தனித்தனியே சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே தாண்டலாம். அப்போது 0.05-ஐ 12-ஆல் வகுத்து 0.004 என்று வரம்பை இறுக்குங்கள்.

வகுப்புக்கு ஸ்டர்ஜஸ் விதி: 1 + 3.322 × மடக்கை(144) ≈ 8 (மடக்கை 10 அடிமானத்தில்). அகலம் 8 முதல் 46 மி.மீ. வரை இருந்தால் 5 மி.மீ. இடைவெளி போதும். வரைபடத்தை மட்டும் மாதவாரியாகப் போடுங்கள். கூட்டிப் போட்டால் இந்த மாதக் குஞ்சுக் கூட்டமும் போன மாதத்துக் கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே மேடாகத் தெரியும்.

வெர்னியர்:
பெண்ணின் மடல் அகலத்தையும் குறித்துவைக்க மறக்காதீர்கள். ஓட்டு அகலத்துக்கு எதிராக மடக்கை அளவில் வரைந்தால் கோட்டின் சரிவு சட்டென்று மாறும் இடம்தான் முதிர்ச்சி அளவு. அதற்குக் கீழே உள்ள பெண்ணைச் சேர்த்து ‘சினை சதவீதம்’ போட்டால் இனப்பெருக்கம் குறைவாகத்தான் தெரியும்.