யுத்த காலத்து மெட்ராஸ்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது என்ன?

பாரிமுனைவாசி:
உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டு இருக்கிறதே, அதன் முன்னால் போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் நின்று படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "சார், ஜெர்மன்காரனுக்கு நம்ம மெட்ராஸ் மேல அப்படி என்ன கோபம்?" என்றான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. அவற்றைக் கொளுத்தினால் பிரிட்டிஷ்காரன் மானம் போகும், அவ்வளவுதான். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் வந்து, சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு அரை மணிக்குள் கிளம்பிவிட்டது. ஐரோப்பாவில் சண்டை மூண்டு ஏழு வாரம் ஆகியும் இங்கே துறைமுக விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தனவாம். கலங்கரை விளக்கமும்தான். (அது அப்போது உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேலேயே இருந்தது.) செத்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள், ஆனால் மறுநாளே ஜனம் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு எம்டன் ஒழிந்தது. கதை மட்டும் நூறு வருஷம் தாண்டி ஓடுகிறது.

என் குறை என்னவென்றால், எம்டனைச் சொல்லி முடித்ததும் இந்த ஊரின் யுத்தக் கதை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். இரண்டாம் யுத்தத்தில் நடந்தது அதைவிடப் பெரிது. கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டு எழுதுங்கள்.

அண்ணாநகர் டீச்சர்:
நான் பார்த்ததைவிட வகுப்பில் கேட்டதுதான் அதிகம். வருஷாவருஷம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், ஒரு இளவரசரைச் சுட்டதுக்கா உலகமே அடிச்சுக்கிச்சு?" என்று கேட்கும். கரும்பலகையில் தேதிகளை வரிசையாக எழுதுவேன். 1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை. ஒரு மாதம் கழித்து, ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவிக்கிறது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டுகிறது. ஆகஸ்ட் 1 ஜெர்மனி ரஷ்யா மீது, 3-ஆம் தேதி பிரான்ஸ் மீது. பெல்ஜியத்துக்குள் படை நுழைந்ததும் 4-ஆம் தேதி பிரிட்டன். ஒரு மாதம் சும்மா இருந்தவர்கள் ஒரே வாரத்தில் இத்தனை பேர் இறங்கினார்கள் என்றால், ஒப்பந்தங்களும் படைகளும் சிப்பாய்களை ஏற்றும் ரயில் அட்டவணையும் முன்பே தயாராக இருந்தன என்றுதானே அர்த்தம்?

பிரிட்டன் என்று எழுதியதும் பக்கத்திலேயே மெட்ராஸ் என்றும் எழுதிவிடுவேன். "நம்ம என்ன மிஸ் பண்ணினோம்?" என்பார்கள். ஒன்றும் பண்ணவில்லை, நம்மை யாரும் கேட்கவும் இல்லை. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதியும் அதே கதைதான். வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அதை எதிர்த்துத்தான் அக்டோபர் கடைசியில் இங்கே ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. 1941-இல் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. ஜப்பான் எண்ணெய்க்காகவும் ரப்பருக்காகவும் தெற்கே பாய்ந்து மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் கைவிட்டுப் போனபோது அங்கிருந்து நமக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோனது.

மாடவீதி:
டீச்சர் அரிசி என்றதும் எங்கள் பெரிய பாட்டி ஞாபகம். அவருக்கு இப்போது 94 வயது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவிருக்காது, 1942 ஏப்ரல் அப்படியே இருக்கிறது. கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். இங்கே அவசிய வேலை இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அலுவலகங்கள் ஊட்டிக்கும் கோவைக்கும் போயின. இவர்கள் குடும்பம் கும்பகோணத்துக்கு. எழும்பூரில் ரயில் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை உள்ளே தள்ளினார்களாம். "என்னையும் ஒரு பித்தளை அண்டாவையும் சேர்த்துத்தான் தள்ளினா, அண்டா முதல்ல போச்சு" என்று சிரிப்பார். மயிலாப்பூரில் வாடகைக்கு ஆளில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும், பணம் வேண்டாம் என்றார்களாம். அந்த நேரம் பார்த்து சல்லிசாக வீடு வாங்கிப் போட்டவர்களும் உண்டு, பெயர் சொல்ல மாட்டார்.

அவர் சிரிக்காமல் சொல்லும் ஒரே விஷயம் மிருகக்காட்சிசாலை. அது அப்போது மூர் மார்க்கெட் பக்கத்தில், பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று புலி, சிங்கம் எல்லாவற்றையும் போலீசை வைத்துச் சுட்டுவிட்டார்கள். ஊர் காலியாகக் கிடந்தபோது வராத ஜப்பான் விமானம், பாதிப்பேர் திரும்பி வந்த பிறகு 1943 அக்டோபரில் ஒற்றையாக வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது.

அதைப் பற்றிக் கேட்டால் பாட்டி, "அது ஒண்ணும் பெரிசில்ல, ரேஷனைக் கேளு" என்பார். சோறே மூன்று வேளையும் என்றிருந்த வீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டார்கள். கூடவே கோதுமை. சப்பாத்தி இடத் தெரியாது, வீட்டில் அதற்கான குழவியும் கிடையாது. ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து தோசை வார்த்தால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார்களாம். கடைசியில் உடைத்து நொய்க் கஞ்சியாகக் காய்ச்சத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. நாம் இன்று கோதுமை ரவை உப்புமாவைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறோம்.

ராயபுரம் பழைய ஆள்:
ஊர் இருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். எங்கள் தாத்தாவுக்கு ராயபுரமே ஊர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, கப்பல் வந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். பாட்டியையும் பிள்ளைகளையும் திருவள்ளூர் பக்கம் அனுப்பிவிட்டு அவர் மட்டும் இருந்தார். காலியான ஊர், இருட்டடிப்பு, தெருவிளக்குக்கு மூடி, கரியில் ஓடும் பஸ். மேடேறும்போது பஸ் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும் என்பார். கும்பகோணத்துக்குப் போனவர்கள் கதை எல்லாரும் எழுதியாச்சு. இருந்தவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. அதான் சொல்ல வந்தேன்.

குமரி மைந்தன்:
எம்டன் கப்பலில் நம்ம செண்பகராமன் பிள்ளை வந்தாரே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

பாரிமுனைவாசி:
சொல்லாததற்குக் காரணம், வந்ததற்கு ஆதாரம் இல்லை. அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். ஜெர்மனியில் இருந்துகொண்டு பிரிட்டிஷாருக்கு எதிராக வேலை செய்தது உண்மை. அது போதாதா அவருக்கு?

மூர் மார்க்கெட் நாணயம்:
ஓட்டைக் காலணா பார்த்திருக்கிறீர்களா? 1943-இலிருந்து 1947 வரை அடித்தது. நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் வளையம் மட்டும். செம்புத் தட்டுப்பாட்டால் வந்த காசு அது. ஒரு வயதான அம்மா என்னிடம் விற்க ஒரு மாலையே கொண்டுவந்தார், அரைஞாண் கயிற்றில் கோத்த மாதிரி. ரூபாயிலும் கைவைத்தார்கள். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பழைய ரூபாயைக் கல்லில் தட்டினால் வரும் ஓசையும் இதன் ஓசையும் வேறு, காது பழகினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அந்த அம்மா விற்கவில்லை, நான் சொன்ன விலை பிடிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பீச் ஸ்டேஷன் அத்தோ:
இரண்டாவது கடற்கரைச் சாலையில் நான் வழக்கமாக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும் கடையில் ஒரு பெரியவர் கல்லாவில் இருப்பார். பர்மா பற்றிக் கேட்டால், "எந்த தடவை வந்ததைக் கேக்குறீங்க தம்பி?" என்றார். 1942-இல் இவர் கைக்குழந்தை. கப்பலில் இடம் பணக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும்தான் கிடைத்ததாம். அப்பா இவரைத் தோளில் போட்டுக்கொண்டு மலை வழியாக மணிப்பூர் வரை நடந்தார். லட்சக்கணக்கான பேர் அப்படி நடந்தார்கள், காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். இவருடைய அக்காவும் அதில் ஒருத்தி. அவர் பெயரைச் சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளரிடம் "முட்டை போடவா?" என்று கேட்டார்.

யுத்தம் முடிந்ததும் அப்பா பிழைப்புக்காகத் திரும்ப ரங்கூன் போயிருக்கிறார். அப்புறம் 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சி, கடைகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், மறுபடி கப்பல், மறுபடி மெட்ராஸ். பர்மா பஜார் அப்படி வந்தவர்களால் முளைத்தது. யுத்தத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன தமிழர்கள் கதையைக் கேட்டேன். "அதுல திரும்பி வந்தவன் யாருன்னு பாத்தா சொல்றேன்" என்றார்.

நந்தம்பாக்கம் மாலதி:
ஒரு உதவி வேண்டும். என் தாத்தாவின் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் இறந்துவிட்டார். எங்கள் பக்கத்திலேயே மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கே பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வேறு எங்கே தேடுவது?

பாரிமுனைவாசி:
நந்தம்பாக்கத்தில் இருப்பது 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள். உங்கள் பெரிய தாத்தாவைத் தகனம் செய்திருந்தால், அல்லது உடல் கிடைக்காமல் போயிருந்தால், கல்லறை இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். பர்மாவில் இறந்த அப்படிப்பட்டவர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்களை யாங்கூனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே தௌக்கியன் நினைவுத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ராமசாமியை நாலு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். வீட்டில் பென்ஷன் தாளோ பழைய மணியார்டர் துண்டோ இருந்தால் அதில் படை எண் இருக்கும், அது கிடைத்தால் வேலை சுலபம்.